செல் ஸ்ட்ரெஸ், அதாவது வெப்பம், நச்சு போன்ற நெருக்கடிகளை செல் எப்படிச் சமாளிக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு வர நினைக்கிறீர்களா?

எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பேராசிரியர் என்று தேடுவதெல்லாம் அப்புறம். முதலில் செல்லை நிம்மதியாக வைத்திருக்கப் பழகுங்கள். இன்குபேட்டருக்கு வெளியே ரொம்ப நேரம் கிடந்த செல் வளர்ப்புத் தட்டு, நெருக்கியடித்து வளர்ந்த செல்கள், பழைய மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்), கண்ணுக்குத் தெரியாத மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா தொற்று என எல்லாமே ஸ்ட்ரெஸ்தான். நீங்கள் மருந்து கொடுக்கும் முன்பே செல் தவித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பிறகு எதை அளந்து என்ன பயன்? ஸ்ட்ரெஸை உண்டாக்கும் துனிகாமைசின் மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், வெறும் டிஎம்எஸ்ஓ கொடுத்த தட்டு ஒன்றும் கூடவே இருக்க வேண்டும்.

படிப்பு என்று பார்த்தால் உயிர்வேதியியல், மரபியல், கொஞ்சம் புள்ளியியல், நுண்ணோக்கிப் படங்களை அலச பைத்தான். இது போதும், தொடங்கலாம்.

மனித செல்லில்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்காதீர்கள். வெப்பத்துக்கு செல் காட்டும் எதிர்வினையை இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா 1962இல் வெளியிட்டது பழ ஈயின் குரோமோசோம்களில் பார்த்துத்தான். பீட்டர் வால்டர், கசுடோஷி மோரி இருவரும் 1993இல், செல்லுக்குள் புரதங்கள் மடிக்கப்படும் ஈஆர் (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்) பகுதியின் ஸ்ட்ரெஸை உணரும் ஐஆர்இ1 புரதத்தின் பங்கைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தது ஈஸ்ட்டில். 2016இல் ஜப்பானிய விஞ்ஞானி ஒசுமிக்கு நோபல் வாங்கித் தந்த ஆட்டோஃபேஜி (செல் தன் பாகங்களைத் தானே செரித்துக்கொள்வது) ஆய்வும் ஈஸ்ட்டில் தொடங்கியதே.

அடுத்து, ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொண்டு ஆழமாகப் படியுங்கள். உதாரணத்துக்கு, புரதத் தயாரிப்பைத் தொடங்க உதவும் இஐஎஃப்2 ஆல்ஃபா புரதம். பெர்க், ஜிசிஎன்2, பிகேஆர், எச்ஆர்ஐ என்று நான்கு கைனேஸ் என்சைம்கள் வெவ்வேறு காரணங்களுக்காக இதன் ஒரே இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன, அதனால் இந்தப் பாதை தூண்டப்பட்டால் கூடும் சாப் புரதம் ஏறியதை மட்டும் வைத்து 'ஈஆர் ஸ்ட்ரெஸ்' என்று எழுதினால் மதிப்பாய்வாளர் சும்மா விடமாட்டார். ஈஆர் ஸ்ட்ரெஸில் ஐஆர்இ1 வெட்டும் எக்ஸ்பிபி1 ஆர்என்ஏவிலிருந்து 26 எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பிசிஆர் சோதனையில் பாருங்கள். ஒரே நேரப்புள்ளியோடு நிறுத்தவும் கூடாது. தொடக்கத்தில் செல்லைக் காப்பாற்றும் அதே சமிக்ஞை, நீண்டுகொண்டே போனால் அதைக் கொல்லவும் செய்யும்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடும்போது பேராசிரியரின் புகழைவிட, அங்கிருந்து போன மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவர்களுக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார்கள். முனைவர் பட்டத்துக்குப் பிறகு போஸ்ட்டாக் ஆய்வுக்குப் போகும்போது கேள்வியை வைத்துக்கொண்டு கருவியை மாற்றுங்கள்: அதுவரை செல்லை உடைத்துப் புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட் என்றால் இனி உயிருள்ள செல்லைப் படமெடுக்கும் ஆய்வகம். பேராசிரியர் பதவி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் புற்றுநோய், நரம்புச் சிதைவு நோய்களுக்கு மருந்து தேடும் நிறுவனங்களுக்கும் இந்தப் பாதைகள் தெரிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள், அங்கேயும் விண்ணப்பியுங்கள்.