தரையை உடைக்கும் முன் சேம்பரைத் திறந்து பாருங்கள்

சென்னையின் பழைய வீடுகளில் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வந்தால், பிளம்பரைக் கூப்பிட்டு பாத்ரூம் தரையை உடைப்பதுதான் பலரும் செய்கிற முதல் வேலை. அடைப்பு எங்கே என்று பார்க்காமலே உடைக்கிறார்கள். வீண் செலவெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டிலிருந்து தெரு வரை கழிவுநீர்க் குழாய் போகும் வழியில் வரிசையாக சேம்பர்கள், அதாவது மூடி போட்ட சிறு தொட்டிகள், இருக்கும். மூடிகளை ஒவ்வொன்றாகத் திறங்கள். ஒன்று நிரம்பி நின்று, அடுத்தது காலியாக இருந்தால் அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். காம்பவுண்டு ஓரத்துக் கடைசி சேம்பரும் தளும்பினால் கோளாறு பெரும்பாலும் தெருப் பக்கம். குடிநீர் வாரியத்தின் 1916-ஐக் கூப்பிடுங்கள், பிளம்பர் வேண்டாம். ஒரு பாத்ரூமில் மட்டும் தண்ணீர் தேங்கி, மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடினால் மெயின் லைனைத் தொடவே வேண்டாம்.

இதற்கு மூடி கண்ணில் பட வேண்டுமே! போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போடும்போது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சேம்பரையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். அப்புறம் அடைப்பு வந்த அன்று, அது எங்கே இருந்தது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மூங்கில் பத்தையைக் குத்தி எடுத்தும் இரண்டு மாதத்துக்கொரு தரம் அதே இடத்தில் அடைத்தால் குழாயையே சந்தேகப்படுங்கள். பழைய பீங்கான் குழாய்களின் சிமென்ட் இணைப்பில் விரிசல் விட்டால், ஈரம் தேடி மரவேர் உள்ளே புகுந்துவிடும். ஆசிட் ஊற்றினால் வேர் போகாது. வேலை செய்பவர் கைதான் வெந்துபோகும். கேமரா விட்டுப் பார்த்தால் எத்தனை அடி மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

புதுக் குழாய் போடும்போது வாட்டத்தை நீங்களே சரிபாருங்கள். நான்கு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் என்பது பொதுவான கணக்கு. மண்ணை மூடும் முன் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், பரவாயில்லை. மொட்டைமாடி மழைநீரையும் இதே லைனில் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை நிரம்பும்போது அது உங்கள் வீட்டுக்குள்தான் எதிர்த்து வரும்.

எந்த அவசரத்திலும் சாக்கடைக் குழிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வரும்வரை காத்திருங்கள். சேம்பரைத் திறக்கும்போதும் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, எட்ட நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். தலையை உள்ளே நீட்ட வேண்டாம்.