மகனோடு கேரை பிடிக்கப் போகும் தந்தையர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மே மாதம் ஒரு முற்பகலில், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் எங்கள் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த வள்ளத்திலிருந்து ஒரு தந்தையும் பதினாறு வயது மதிக்கத்தக்க மகனும் ஒரு பெரிய கேரை மீனை ஆளுக்கொரு பக்கம் தூக்கிவந்து மணலில் கிடத்தினார்கள். அது பையனுடைய முதல் மீன் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஏற்றுமதிக்கு மீன் எடுக்கும் வியாபாரி வந்தார். குழல் போன்ற ஊசியை மார்புத் துடுப்புக்கு அருகே செருகி, முறுக்கி இழுத்து, அதில் வந்த சதைத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். துணுக்கு வெளிறி, நீர் விட்டு, பாதி வெந்ததுபோல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மீனுக்குப் போய்விட்டார். பையன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். தந்தை மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அதே இடத்தில் நானும் என் மகனும் அப்படித்தான் நின்றோம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் புதிதாகப் பிள்ளைகளை அழைத்து வரும் தந்தையர் அதே பிழையைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

கேரை என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படுவது மஞ்சள் துடுப்புச் சூரை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகிய ஊர்களின் விசைப்படகுகள் சூரைக்காகவும் சுறாவுக்காகவும் ஒரு மாதத்துக்கும் மேலாக ஆழ்கடலில் தங்கி வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய பயணம் அதுவன்று. நான் சொல்வது, மாலையில் புறப்பட்டு முப்பது நாற்பது கடல்மைல் வெளியே சென்று, இரவில் விளக்கு வெளிச்சத்தில் கணவாய் பிடித்து, அதையே இரையாக்கி, விடியலில் கேரைக்குத் தூண்டில் இறக்கி, மறுநாளே திரும்பும் பயணம். அதிலும் பிள்ளை வருவது பார்த்துக் கற்பதற்காகவே; ஓர் ஆளின் வேலையை அவன் தலையில் கட்டக்கூடாது. உயிர்காப்பு உடை, கூடுதல் எரிபொருள், குடிநீர், கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடுமுறையைப் பார்த்து நாள் குறிப்பது

எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 அன்றே தொடங்கி ஜூன் 14 அன்று முடிகிறது. ஆகவே கோடை விடுமுறை எங்களுக்குத் திறந்த கடலாக அமைகிறது. இதை நம்பிப் பலர் விடுமுறையின் கடைசி வாரத்தில், அதாவது மே மாத இறுதியில், பிள்ளையை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். அப்போது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுக்கத் தொடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவமழை வாசலில் நிற்கும். காற்றே இல்லாத தெளிந்த நாளிலும், தொலைதூரத் தெற்கிலிருந்து நெடும் அலைகளாக வந்து கரையை அறையும் கள்ளக்கடல் இந்த மாதங்களில்தான் அதிகம். ஆழத்தில் இருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. கரையணையும் நேரத்தில்தான் வள்ளத்தைக் கவிழ்க்கும். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் அலை எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது. கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே பார்த்து, மீன் கூடும் இடங்களையும் அதே மையம் அறிவிக்கிறது. மீன் இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு அலை எச்சரிக்கையைப் படிக்காமல் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் ஊர்களில் எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்தது என்பதை அறிந்தவர்கள் இப்படிச் செய்யலாகாது.

வெறும் வயிற்றோடு ஏற்றுவது

வாந்தி வரும் என்று அஞ்சிப் பிள்ளையைப் பட்டினியாக ஏற்றுகிறார்கள். வெறும் வயிறுதான் அதிகமாகக் குமட்டும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கஞ்சியோ இட்லியோ கொடுத்து, ஆட்டம் அதிகமுள்ள முன்பகுதியான அணியத்தில் உட்கார வைக்காமல், இயந்திரப் புகை படாத நடுப்பகுதியில் அமர்த்தி, அடிவானத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கைபேசியைக் குனிந்து பார்த்தால் பத்தே நிமிடத்தில் தலை சுற்றும்.

தூண்டிலின் நைலான் இழையான தங்கூசியைக் கையில் சுற்றிக்கொள்வது

கூடாது. முப்பது கிலோ கேரை ஆழத்துக்குப் பாயும்போது தங்கூசி விரலை எலும்புவரை அறுக்கும். காலடியில் சுருண்டு கிடக்கும் தங்கூசிக்கும் இதே விதிதான்.

பிள்ளையின் கையிலிருந்து தூண்டிலைப் பிடுங்குவது

அவன் கேட்டால் மட்டும் வாங்குங்கள்.

படம் எடுத்துவிட்டு ரத்தம் எடுக்கலாம் என்று நினைப்பது

இந்தத் தவறுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது. எனக்கு அதன் விலை தெரியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அன்று விடிந்து சற்று நேரத்தில், ஆலாப் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டு நீரில் பாய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு அருகில், என் மகனின் தூண்டிலில் கேரை மாட்டியது. அவன் அரை மணி நேரம் இழுத்தான். முன்கைகள் நடுங்கின, ஆனாலும் என்னிடம் தரவில்லை. கொக்கி போட்டு உள்ளே ஏற்றியபோது முப்பத்தெட்டு கிலோ இருந்தது. முதுகின் கருநீலமும் விலாவின் பொன்மஞ்சளும் மின்னிக்கொண்டிருந்தன. பின்துடுப்பின் மஞ்சள் நுனிகள் இன்னும் துடித்தன. பின்பகுதியான அமரத்தில் சுக்கான் பிடித்திருந்த என் பெரியப்பா, "மக்களே, படம் பிறகு எடுக்கலாம், முதலில் ரத்தத்தை எடு" என்றார். நான் கேட்கவில்லை. மகனை மீனோடு நிறுத்திப் படம் எடுத்தேன். பிறகு தூக்கிப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். தெரிந்தவர்களின் வள்ளம் ஒன்று அருகில் வந்தது. அவர்களுக்கும் தூக்கிக் காட்டினோம். தராசில் தொங்கவிட்டு எடையைப் படம் பிடித்தோம். இப்படி நாற்பது நிமிடம் போனது. அவ்வளவு நேரமும் மீன் இயந்திரப் பெட்டியை ஒட்டிய சூடான பலகையில் கிடந்தது.

சூரை மற்ற மீன்களைப் போன்றதன்று என்பதை அன்று நான் உணர்ந்திருக்கவில்லை. பெரும்பாலான மீன்களின் உடல் கடல்நீரின் வெப்பத்தோடு ஒத்திருக்கும். சூரையோ தன் தசை உண்டாக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளேயே தக்கவைக்கும் ரத்தக்குழாய் அமைப்பைக் கொண்டது. நீந்துவதை நிறுத்தினால் செவுள் வழியே நீர் பாயாது என்பதால் அது வாழ்நாள் முழுவதும் ஓய்வின்றி நீந்துகிறது. தூண்டிலோடு அரை மணி நேரம் போராடிய கேரையின் நடுச்சதை, அது நீந்திய நீரைவிடச் சூடாக இருக்கும். தசையில் அமிலமும் ஏறியிருக்கும். இந்தச் சூடும் அமிலமும் சேர்ந்து, உயிர் போன பின்னும் சதையை உள்ளிருந்தே வேகவைக்கின்றன. சிவந்து பளபளக்க வேண்டிய சதை வெளிறி, நீர் கக்கி, புளிப்பேறுகிறது. வியாபாரிகள் எரிந்த மீன் என்று ஒதுக்குவது இதைத்தான். வெளித்தோலில் எந்த அடையாளமும் இருக்காது. எங்கள் மீனும் பார்வைக்கு அவ்வளவு அழகாகத்தான் இருந்தது.

இதோடு இன்னொரு பிழையும் சேர்ந்தது. எங்கள் ஐஸ் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களும் சாப்பாட்டுத் தூக்குகளும் நிறைந்திருந்தன. அவற்றை வெளியே எடுத்த பிறகும் மீன் முழுதாக உள்ளே போகவில்லை. வாலை மடக்கித் திணித்தோம். கொண்டு சென்ற ஐஸ் பெருங்கட்டிகளாக உடைந்து கிடந்ததால் மீனைச் சில இடங்களில் மட்டுமே தொட்டது. கரை சேர்ந்ததும் வியாபாரி ஊசி போட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். உள்ளூரில் வெட்டி விற்பவர் பாதிக்கும் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். மகன் அன்று முழுவதும் பேசவில்லை. தான் இழுக்கத் தெரியாமல் இழுத்ததால்தான் மீன் கெட்டது என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான் என்பது இரண்டு நாள் கழித்தே எனக்குத் தெரிந்தது. பிழை அவனுடையதன்று, என்னுடையது. பெருமையில் நான் செய்த தாமதத்துக்கு அவன் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டான். விலை போனதைவிட அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதோடும் முடியவில்லை. விற்றது போக ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தோம். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் அம்மாவுக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றே முதலில் எண்ணினோம். அறுபது ஆண்டுகளாகச் சூரை சாப்பிட்டவருக்குத் திடீரென்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று மருத்துவர் கேட்டார். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை, இந்த அறிகுறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்தால் இந்த மாற்றம் பெரிதும் மட்டுப்படும். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் அழியாது. நாற்றத்தை வைத்துக் கண்டுகொள்ளவும் முடியாது. விலை போகாத மீனை வீட்டுக்காவது எடுத்துப் போகலாம் என்று நினைக்கும் தந்தையருக்காகவே இதை எழுதுகிறேன்.

சரியான முறை கடினமானதன்று. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். புறப்படும் முன்பே யாருக்கு என்ன வேலை என்று பேசிவைக்க வேண்டும். மீனை வெறும் பலகையில் போடாமல் நனைத்த சாக்கின் மேல் கிடத்தி, அதன் கண்ணை ஈரத்துணியால் மூடினால் துள்ளல் அடங்கும். பிள்ளையின் வேலை இதுவாக இருக்கட்டும். துள்ளத் துள்ளச் சூடு ஏறும் என்பதால், பழகிய ஒருவர் உடனே கண்களுக்கு இடையே சற்று மேலே உள்ள மென்மையான இடத்தில் கூர்முனையைச் செலுத்தி மூளையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். பிறகு மார்புத் துடுப்பின் அடியிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரு பக்கமும் ஒரு விரல்கணு ஆழத்துக்குக் குறுக்கே கீற வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் தோலை ஒட்டி ஓடுகிறது. செவுளுக்குப் பின்னுள்ள சவ்வையும் வெட்டிவிட்டு, கடல்நீரை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் ரத்தம் வடிந்துவிடும். படம் வேண்டுமானால் அந்தச் சில நிமிடங்களில் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் செவுளையும் குடலையும் நீக்கிக் கழுவி, பொடித்த ஐசும் கடல்நீரும் கலந்த குழம்பில் மீன் முழுதும் மூழ்கும்படி இறக்க வேண்டும்.

ஐஸ் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். மீனின் எடைக்குக் குறைந்தது சம எடை ஐஸ் வேண்டும். நம் கடல்நீர் வெதுவெதுப்பாக இருப்பதால், மீனோடு சேர்த்து அப்போதுதான் நீரை ஊற்றினால் அந்த நீரைக் குளிர்விக்கவே ஐசில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே விடியலுக்கு முன்பே குழம்பைக் கலக்கித் தயாராக வைத்திருக்க வேண்டும். அப்படி இறக்கினாலும் தண்டுமுள்ளை ஒட்டிய சதை முழுவதும் குளிரப் பல மணி நேரம் ஆகும். மேல்தோல் சில்லென்று இருப்பதைத் தொட்டுப் பார்த்து மீனை வெளியே எடுத்துவிடக்கூடாது.

சாப்பாட்டையும் மீனையும் ஒரே பெட்டியில் வைப்பது

இரண்டு பெட்டி எடுத்துச் செல்லுங்கள்.

கரைக்கு வந்ததும் மணலில் கிடத்துவது

கடலில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் ஏலத்தில் சறுக்குவது இங்கேதான். ஏலம் கூற முறை வரும்வரை மீன் ஒரு மணி நேரம்கூட வெயிலில் கிடக்கிறது. அந்தச் சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு மீண்டும் நாங்கள் சென்றபோது கிடைத்தது இருபத்திரண்டு கிலோ கேரைதான். மீன் உள்ளே ஏறியதும் மகன் கைபேசியைத் தொடவில்லை. கண்ணை மூடும் துணியைத்தான் முதலில் எடுத்தான். கரையில் மீனைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்க அவன் சம்மதிக்கவில்லை. வியாபாரி ஊசியோடு வந்த பிறகே மூடியைத் திறந்தான். சதைத் துணுக்கு மாதுளைமணியின் நிறத்தில் வந்தது. அவர் அதை மகனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு எடையைக் கேட்டார். அவன் விலையைப் பேச என்னை அழைத்துவிட்டு, மீதியிருந்த ஐசை அள்ளி மீனின் வயிற்றுக்குள் திணிக்கத் தொடங்கினான்.