மண்பாதையில் முதல் பயணம்: தடத்தைச் சிதைக்காமல் ஜீப் ஓட்டும் முறை

பெங்களூருவிலிருந்து ஞாயிறு விடியலில் கனகபுரா, ராமநகரம் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும்) வண்டியில் கிளம்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் ‘டிரெயில்’ என்று பெருமையாகச் சொல்வது, பெரும்பாலும் யாரோ ஓர் உழவர் தம் ராகிக் கொல்லைக்கு டிராக்டர் ஓட்டிச் செல்லும் வழிதான்.

படி 1: இடத்தை முதலில் விசாரியுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி சரணாலயத்திற்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. ராமநகரத்தை ஒட்டிய ராமதேவர பெட்டா என்ற குன்று 2012-இல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் கேளுங்கள், அரைகுறைக் கன்னடமே போதும்.

படி 2: மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஊறிய செம்மண்ணில் ஆழமாகப் பதியும் சக்கரத் தடம், அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும்.

படி 3: டயரில் காற்றைக் குறையுங்கள். விளக்கு, பம்பர் என்று செலவழிப்பவர்கள் இதை மறந்துவிடுவதுதான் எனக்கு வியப்பு. சாலையில் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வைத்திருந்தால் மண்ணில் ஏறத்தாழ 20 வரை இறக்கலாம். டயர் தரையில் படியும் பரப்பு கூடிப் பிடிமானம் கிடைப்பதால், சக்கரம் வெறுமனே சுழன்று மண்ணை வாரி இறைப்பது குறையும். ஆனால் காற்று குறைந்த டயருடன் வேகமாகத் திருப்பினால் அது ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும் என்பதால் மெதுவாகவே ஓட்டுங்கள். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பக் கையடக்க கம்ப்ரசர் ஒன்று அவசியம்.

படி 4: சேற்றுக்குட்டை குறுக்கிட்டால் இறங்கிக் கழியால் ஆழம் பார்த்து, மெதுவாக, கூடுதல் இழுவிசையுடன் ஓட உதவும் லோ ரேஞ்ச் கியரில் நடுவிலேயே செல்லுங்கள். ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கினால், ஒற்றை வண்டிப்பாதை சில வாரங்களில் கொல்லைக்குள் பரவிவிடும். ஆழம் அதிகமென்றால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்காமல் காலை எடுத்துவிட்டு, அதே தடத்தில் பின்வாங்குங்கள்.

படி 5: சிக்கிய வண்டியை இழுக்க, விஞ்ச் கருவியின் கயிற்றை மரத்தில் கட்ட நேர்ந்தால், மூன்று அங்குலத்துக்குக் குறையாத அகல நாடாவை அடிமரத்தில் சுற்றுங்கள். இரும்புக் கயிற்றை நேரடியாகச் சுற்றினால் அது மரப்பட்டையை அறுத்துவிடும். மரப்பட்டை சுற்றிலும் அறுபட்ட மரம் பட்டுப்போகும்.

வீடு திரும்புமுன் சக்கரச் சேற்றைப் போன இடத்திலேயே சுரண்டிவிடுங்கள். பார்த்தீனியக் களையின் விதைகள் அதில் ஒட்டிக்கொண்டும் ஊர் மாறுகின்றன.