"பக்கத்துலதானே போறோம்": சின்னப் படகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் வரும் ஃபைபர் படகுகளில் பல, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தவை. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய கோளாறு இருக்காது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும், ஃபில்டரில் அழுக்கு அடைத்திருக்கும், இல்லையென்றால் தண்ணீருக்குள் சுற்றும் விசிறியில் வலைத்துண்டு சுற்றியிருக்கும். ஒருமுறை, டேங்க் மூடியில் காற்று போவதற்கு இருக்கும் சின்னத் திருகைத் திறக்காமலே கிளம்பியிருந்தார்கள். பத்து நிமிடம் ஓடி நின்றுவிட்டது. மூன்று பேர் நாலு மணி நேரம் கடலில் மிதந்தார்கள். கேட்டால் வந்த பதில்: "பக்கத்துலதானே அண்ணே, எண்ணூர் வரைக்கும்தான்."

இந்தப் "பக்கத்துலதானே" என்ற நினைப்புதான் நான் பார்த்த எல்லாத் தவறுக்கும் வேர். தூரக் கடலுக்குப் போகிறவர் எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்து வைக்கிறார். பக்கத்தில் போகிறவர் பாதியை வீட்டிலேயே விட்டுவிடுகிறார். ஆனால் வடசென்னைக் கரையில் பக்கம்தான் ஆபத்து. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில் மணல் கரையே இல்லை, கல்தான் கொட்டியிருக்கிறது. நடுநடுவே தூண்டில் வளைவுகள் என்ற கல் தடுப்புகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தூரத்தில் எஞ்சின் நின்றால் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் நின்றால், கிழக்குக் காற்றும் அலையும் சேர்ந்து படகைக் கல்மேல் கொண்டுபோய் வைத்துவிடும்.

எஞ்சின் நின்றதும் எல்லோரும் செய்வது, குனிந்து கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பது. அதுதான் முதல் தவறு. முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், அப்புறம் எஞ்சினைப் பாருங்கள். நங்கூரம் படகில் இருந்தால் மட்டும் போதாது, கயிறும் போதுமான நீளம் வேண்டும். தண்ணீர் 10 மீட்டர் ஆழம் என்றால் 50 முதல் 70 மீட்டர் கயிறு விடவேண்டும். பலரிடம் 20 மீட்டர்கூட இருப்பதில்லை. கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை மேலே தூக்கும், அது தரையைக் கவ்வாமல் இழுபட்டுக்கொண்டே வரும். நங்கூரத்தை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி கட்டினால் அதன் கனம் இழுப்பைத் தரையோடு வைக்கும். கயிற்றை அணியத்தில்தான், அதாவது படகின் முன்மூக்கில்தான் கட்டவேண்டும். அவசரத்தில் கைக்கு எட்டுகிறது என்று பின்பக்கம் கட்டுகிறவர்கள் உண்டு. அங்கேதான் எஞ்சின் கனம் இருக்கிறது, பலகையும் தாழ்வு. அலை நேராக உள்ளே ஏறும், நாலு அலையில் படகு நிறைந்துவிடும்.

எரிபொருளில் கணக்கு எளிது: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு. போகும்போது நீரோட்டத்தோடு போய், வரும்போது எதிர்த்து வந்தால் ஒரே தூரத்துக்கு ஒரே அளவு எண்ணெய் போதாது. நம் கரையில் நீரோட்டம் வருடத்தில் பாதிக்கு மேல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் திரும்பும்.

அடுத்தது கப்பல். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றும் அடுத்தடுத்து இருக்கும் கடலில் நாம் வலை விடுகிறோம். "நம்மளப் பாத்து அவன் திருப்பிப்பான்" என்று நம்பாதீர்கள். ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது. பெரிய கப்பலின் மூக்குக்கு முன்னால் சில நூறு மீட்டர் வரை, மேலே நிற்கிற மாலுமி கண்ணுக்கே எதுவும் தெரியாது. பார்த்துவிட்டாலும் உடனே நிறுத்த முடியாது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்களே ஒன்றோடொன்று மோதி, எண்ணெய் கொட்டி, நம் கரை முழுக்கக் கறுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ரேடார் வைத்திருக்கிற கப்பல்களுக்கே அந்த நிலை.

கப்பல் நம்மை நோக்கி வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. உங்கள் படகின் திசையை மாற்றாமல் கப்பலைப் படகின் ஒரு ஓரத்தோடு சேர்த்துப் பாருங்கள். அது முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் கடந்துபோகும். அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் உறுதி. இரவில் கப்பலின் வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு விளக்கு. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது உங்களை நேராகப் பார்க்கிறது. 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை 4 நிமிடத்தில் தாண்டும். அந்த நேரத்தில் வலையை இழுத்து ஏற்ற முடியாது. அறுத்துவிடுங்கள். கடன் வாங்கி வாங்கிய வலை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்: கத்தி பெட்டிக்குள் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், முடிவைக் கரையிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இரவில் உங்கள் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டே இருக்கவேண்டும். செல்போன் டார்ச் அதற்கு ஈடாகாது.

எண்ணூர் முகத்துவாரத்தில் வடியும் தண்ணீர் வெளியே ஓட, கடல் அலை எதிரே வர, இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும். மணல் திட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே அவசரப்பட்டு நுழைவதுதான் பெரிய தவறு. வெளியே நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பின் கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில் ஒரு அலையின் முதுகோடு ஒட்டியே உள்ளே போகவேண்டும், அதைத் தாண்டி முன்னால் இறங்கக்கூடாது. இறங்கினால் அணியம் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். கரை வந்ததும் குதிக்கலாம் என்று எல்லோரும் அணியத்தில் போய் உட்காருவதும் இதே ஆபத்துதான்.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். கடலில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்று கரையை நோக்கி நீந்தப் போகிறவர்தான் காணாமல் போகிறார். கவிழ்ந்த படகு தூரத்திலிருந்து தெரியும், அலைகளுக்கு நடுவே தலை தெரியாது. லைஃப் ஜாக்கெட் உட்காரும் பலகைக்கு அடியில் கிடந்தால், தண்ணீருக்குள் விழுந்த பிறகு அதைத் தேடி எடுத்துப் போட முடியாது.

எஞ்சினை நிறுத்தும் கயிறு ஒன்று இருக்கும், ஓட்டுகிறவர் இடுப்பிலோ கையிலோ மாட்ட. "அண்ணே, தொல்லையா இருக்கு, எடுத்துடுங்க" என்று பையன்கள் கேட்பார்கள். நான் எடுத்துத் தருவதில்லை. ஆள் விழுந்துவிட்டால் பிடி இல்லாத படகு வட்டமடித்து அவரிடமே திரும்பி வரும், சுற்றுகிற விசிறியோடு.

மீனவர் எச்சரிக்கையில் காற்று மணிக்கு "45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்று வந்தால் அதைச் சாதாரணக் காற்றோடு கொஞ்சம் கூட்டிப் பார்க்கக்கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு நாலு மடங்கு. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டுதானே என்றும் போகாதீர்கள். கூண்டு துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் ஏற்றுவது, நம் சின்னப் படகைக் கணக்கில் வைத்து அல்ல.

கடைசியாக, கிளம்பும்போது வீட்டில் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டு எண்ணையும் வீட்டுச் சுவரில் காலண்டர் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். உங்கள் போன் தண்ணீரில் போயிருந்தால், அந்த எண்ணை அழுத்தவேண்டியது வீட்டில் இருக்கிறவர்தான்.