லைப்ரரி திறக்கவில்லையா? முதலில் கையை எடுங்கள்

ரங்கூனில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, அந்த முறையையும் நம்ப முடியாது. தங்கச்சி கல்யாணப் படங்களை மெமரி கார்டிலிருந்து, படங்களை அடுக்கித் திருத்துகிற லைட்ரூம் சாஃப்ட்வேருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன், முக்கால்வாசி ஏறியிருக்கும், பட்டென்று இருட்டு. இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் வந்துவிட்டன, கம்ப்யூட்டர் அந்த லைனில் இல்லை. கரண்ட் வந்ததும் போட்டால், கேட்டலாக் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்கிறது. கடையில் கேட்டேன், ஃபார்மட் அடித்துவிடலாம் என்றார்கள். நல்லவேளை, அடிக்கவில்லை.

ஏனென்றால் கெட்டது படம் இல்லை, பேரேடு. எந்தப் படம் எங்கே இருக்கிறது, எதற்கு எத்தனை நட்சத்திரம், எதில் என்ன திருத்தம் என்று எழுதி வைக்கிற கணக்குதான் கேட்டலாக். பேரேடு கிழிந்தால் கிட்டங்கியில் இருக்கிற சரக்கு போய்விடுமா? லைட்ரூமில் படங்கள் நீங்கள் போட்ட ஃபோல்டரிலேயே கிடக்கும். மேக் ஃபோட்டோஸில் கணக்கும் படங்களும் ஒன்றாக இருக்கிற லைப்ரரியின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்’ கொடுத்தால், உள்ளே ‘ஒரிஜினல்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். பார்க்கலாம், எதையும் நகர்த்தக் கூடாது. இடம் மிச்சப்படுத்த ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பான ஐகிளவுடில் விட்டு வைத்திருந்தால் மட்டும் அங்கே எல்லாம் இருக்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ரிப்பேர் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் கேட்டலாக் இருக்கிற ஃபோல்டரை, மேக் ஃபோட்டோஸ் என்றால் அந்த லைப்ரரியை, முழுசாக வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். கேட்டலாக் பக்கத்தில் ‘ஜர்னல்’ (journal) அல்லது ‘வால்’ (wal) என்று முடிகிற சின்ன ஃபைல் இருந்தால் குப்பை என்று அழித்துவிடாதீர்கள், பாதியில் நின்ற வேலையின் கணக்கு அதில்தான் இருக்கிறது. ‘லாக்’ (lock) என்று முடிவதை மட்டும், லைட்ரூம் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழிக்கலாம். அப்புறம் அந்தக் காப்பியில் ரிப்பேர் செய்து பாருங்கள். மேக்கில் ஆப்ஷன், கமாண்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஃபோட்டோஸைத் திறந்தால் ரிப்பேர் செய்யட்டுமா என்று கேட்கும். லைட்ரூமில் சரியாகவில்லை என்றால் ‘பேக்கப்ஸ்’ ஃபோல்டரில் இருக்கிற பழைய கேட்டலாக்கைத் திறந்து, அதற்குப் பிறகு சேர்த்த படங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித்தான் திரும்பி வந்தது, போனது ஒரு வாரத் திருத்தம் மட்டும்.

படமே கெட்டிருந்தால் கதை வேறு. அப்பாயி படம் ஒன்று எனக்கு அப்படி ஆனது: நெற்றியும் மூக்குத்தியும் தெரிகிறது, அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் பூசினாற்போல. பாதி ஃபைல் எழுதப்படவே இல்லை, எந்த சாஃப்ட்வேராலும் இல்லாததை வரவழைக்க முடியாது. ஆனால் கார்டில் இன்னும் இருக்கலாம். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி, ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டுங்கள், மீட்டதை வேறு டிஸ்க்கில் இறக்குங்கள். பெயரெல்லாம் போய் நம்பராகத்தான் வரும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் அழித்ததை இப்படி மீட்பது பெரும்பாலும் நடக்காது. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள், ஓட்ட ஓட்டப் பாழாகும்.

இதெல்லாம் வராமல் இருக்க, கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு யூபிஎஸ் போடுங்கள். பத்து நிமிடம் தாங்கினால் போதும், ஒழுங்காக மூடிவிடலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்காதீர்கள். படம் இரண்டு இடத்தில் ஏறிய பிறகுதான் கார்டைக் காலி செய்ய வேண்டும், அதையும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மலிவாகக் கிடைக்கிற 256 ஜிபி கார்டை வாங்கியதும், சொன்ன அளவு உண்மையா என்று பார்க்கிற எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) சாஃப்ட்வேரைப் போட்டுச் சோதியுங்கள். போலி கார்டு நிரம்பிய பிறகும் எழுதுகிற மாதிரியே நடிக்கும்.

கூகுளிலோ ஐகிளவுடிலோ சிங்க் ஆகிறதே என்று இருந்துவிடாதீர்கள், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். 2025 மார்ச் 28-ல் மாந்தலே பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியதற்குப் பிறகு, ஒரே வீட்டு அலமாரியில் இருக்கிற மூன்றை நான் மூன்றாகக் கணக்கிடுவதில்லை. என் டிஸ்க் ஒன்று மோல்மேனில் அக்கா வீட்டில், மழைக்காலத்துக்காக சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கி மூடிய டப்பாவில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றி வைத்துவிட்டு, பழையதிலிருந்து பத்துப் படத்தையாவது முழு அளவில் திறந்து பார்ப்பேன். சின்னப் படத்தைப் பார்த்து நம்பிவிடக் கூடாது, அது தனியாகச் சேமிக்கப்படுவது. அப்பாயி படம்கூடச் சின்னதாகப் பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது.