அமெரிக்காவில் எந்த ஊரில் கரண்ட் மலிவு? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை மாறி அமெரிக்காவுக்குள்ளேயே இன்னொரு ஊருக்குப் போகிறவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், ஆபீஸுக்கு ஆகும் நேரம் எல்லாவற்றையும் அலசிவிடுவார்கள். கரண்ட் விஷயத்தில் மட்டும் "வாஷிங்டனில் மலிவு, கலிபோர்னியாவில் கொள்ளை விலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2024ல் அமெரிக்க வீடுகள் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகக் கொடுத்தது 16 சென்ட்டுக்குச் சற்று மேல். வாஷிங்டன், ஐடஹோ, லூசியானா மாநிலங்களில் இது 12 சென்ட்டை ஒட்டி இருந்தது. கலிபோர்னியாவில் 30 சென்ட்டைச் சுற்றி, ஹவாயில் 40க்கும் மேல். ஆனால் இந்த மாநிலச் சராசரியை வைத்து வீடு தேடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் முதல் தவறு.

சான்டா கிளாராவும் சன்னிவேலும் கலிபோர்னியாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். நம்மவர்கள் ஏராளமாக வசிக்கும் இடம். எல்லையை நடந்தே தாண்டிவிடலாம். ஆனால் சான்டா கிளாராவில் ஒரு யூனிட்டுக்குக் கொடுப்பது சன்னிவேலில் கொடுப்பதில் பாதிகூட வராது. ஒரே மாநிலம், ஒரே வெயில். வித்தியாசம் கம்பி யாருடையது என்பதில் இருக்கிறது. சான்டா கிளாரா நகராட்சி 1896லிருந்தே சொந்தமாக மின்சார நிறுவனம் நடத்துகிறது. இன்று அதன் பெயர் சிலிகான் வேலி பவர். சன்னிவேல், கூபர்டினோ, சான் ஹோசே எல்லாம் பிஜி&ஈ என்ற தனியார் நிறுவனத்தின் கம்பியில் தொங்குகின்றன.

தனியார் என்றால் லாபம் எடுப்பார்கள், அதனால் விலை அதிகம் என்று இத்தோடு முடித்துவிடவும் கூடாது. லாபம் ஒரு பங்குதான். தனியார் நிறுவனம் போட்ட மூலதனத்தில் பங்குதாரர்களின் பகுதிக்கு ஏறக்குறைய 10 சதவீத வருமானம் எடுக்க ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கிறது. அதன்மேல் வருமான வரியும் உண்டு. நகராட்சி நிறுவனத்துக்குப் பங்குதாரர் கிடையாது. வரிவிலக்கு உள்ள பத்திரங்கள் மூலம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் நிலப்பரப்பு. பிஜி&ஈயின் கம்பிகள் சியெரா நெவாடா மலைக்காடுகளுக்குள் வெகுதூரம் ஓடுகின்றன. 2018 நவம்பரில் அந்த நிறுவனத்தின் பழைய கம்பியிலிருந்து கிளம்பிய கேம்ப் ஃபயர் என்ற காட்டுத்தீ, பாரடைஸ் என்ற ஊரையே எரித்தது. 85 பேர் இறந்தார்கள். 2019 ஜனவரியில் நிறுவனம் திவால் மனு போட்டது. அதற்குப் பிறகு மரம் வெட்டுவது, கம்பியைப் பூமிக்குள் புதைப்பது என்று ஆகும் செலவெல்லாம் எல்லா வாடிக்கையாளர் பில்லிலும் பரவுகிறது. சன்னிவேலில் அபார்ட்மெண்டில் இருப்பவரும் அந்தக் காட்டுக் கம்பிக்கு மாதாமாதம் கட்டுகிறார். சான்டா கிளாராவுக்கோ சமவெளியில் ஒரு சின்ன நகரம், அதற்குள் நாள் முழுக்க ஒரே சீராகக் கரண்ட் இழுக்கும் ஏராளமான டேட்டா சென்டர்கள். கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதியை அவையே சுமப்பதால் வீடுகளின் பங்கு குறைகிறது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. சன்னிவேல்காரர்களின் பில்லில் சிலிகான் வேலி கிளீன் எனர்ஜி என்ற பொது அமைப்பின் பெயர் இருக்கும். "நாங்களும் ஊர் கரண்ட்தானே வாங்குகிறோம்" என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த அமைப்பு மின்சாரத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். கொண்டுவந்து சேர்க்கும் கூலி பிஜி&ஈக்குத்தான். பில்லில் கனமான பகுதி அதுதான்.

சியாட்டில் பக்கமும் இதே கதை. சியாட்டில் நகருக்குள் நகராட்சியின் சிட்டி லைட் நிறுவனம். ஏரியைத் தாண்டி பெல்வியூ, ரெட்மண்ட் போனால் பியூஜெட் சவுண்ட் எனர்ஜி என்ற தனியார் நிறுவனம், விலையும் கூடுதல். ஆகவே வீட்டு விளம்பரத்தில் ஊர் பெயரைப் பார்த்துத் திருப்திப்படாமல், அந்த முகவரிக்குக் கரண்ட் தருவது யார் என்று கேளுங்கள்.

அடுத்த தவறு நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து வருவது. தமிழ்நாட்டில் 2016லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தப் பணத்தை அரசு மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. அதனால் எங்காவது கரண்ட் மலிவு என்றால் "கவர்மெண்ட் மானியம்" என்று மனம் தானாகச் சொல்லிவிடும். வாஷிங்டனில் நடப்பது அதுவல்ல. கொலம்பியா ஆற்றில் 1930களிலும் 40களிலும் கூட்டாட்சி அரசு பான்வில், கிராண்ட் கூலி போன்ற பெரும் அணைகளைக் கட்டியது. அந்தக் கரண்டை விற்க 1937ல் பான்வில் மின்நிர்வாகம் அமைந்தபோதே, பொது நிறுவனங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும்தான் முதல் உரிமை என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். விலை, அடக்கச் செலவுக்கு. அணைக்கு வாங்கிய கடனை வட்டியோடு கருவூலத்துக்குத் திருப்பிக் கட்டுவதும் அந்த விற்பனைக் காசில்தான். ஆரம்பத்தில் அரசு குறைந்த வட்டிக்குப் பணம் போட்டது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. ஆனால் இன்று விலை குறைவாக இருக்கக் காரணம், எண்பது வருடத்துக்கு முந்தைய காங்கிரீட்டும் விலையில்லாத் தண்ணீரும். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் அப்படித்தான். 1933ல் அரசுப் பணத்தில் தொடங்கியது. 1959 சட்டத்துக்குப் பிறகு அதன் மின்பிரிவு சொந்தக் காலில் நிற்கிறது. நாஷ்வில், மெம்பிஸ் நகராட்சி நிறுவனங்கள் அதனிடம்தான் வாங்கி விநியோகிக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் வாஷிங்டன் மாநிலத்தின் நடுவே இருக்கும் வெனாச்சி. ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். ஷெலான் கவுண்டியின் பொது மின்நிறுவனம் கொலம்பியாவில் ராக் ஐலண்ட், ராக்கி ரீச் என்று இரண்டு அணைகளைச் சொந்தமாக வைத்திருக்கிறது. உள்ளூருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கரண்ட் வருகிறது. மிச்சத்தை வெளியே நல்ல விலைக்கு விற்று, அந்த வருமானத்தால் உள்ளூர் வீடுகளுக்கு யூனிட் கட்டணத்தை 4 சென்ட்டுக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள். அரசு மானியம் துளியும் இல்லை. இதைக் கேள்விப்பட்டு பிட்காயின் சுரங்கக்காரர்கள் (ஏராளமான கம்ப்யூட்டர்களை ஓட்டி டிஜிட்டல் நாணயம் எடுப்பவர்கள்) மொய்த்தபோது, 2018ல் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்து அவர்களுக்குத் தனிக் கட்டணம் போட்டார்கள். ஊர் மக்களின் சொத்தைக் காப்பாற்றும் அந்த உறுதி எனக்கு மதிக்கத்தக்கதாகப் படுகிறது.

வெயில் நிறைய இருந்தால் சோலார் மலிவு, எனவே கரண்டும் மலிவு என்பதும் தவறான கணக்கு. கலிபோர்னியாவே சாட்சி. அங்கே மதியத்தில் கரண்ட் மிஞ்சிப் போகிறது. மாலை 4 முதல் 9 வரை விலை ஏறுகிறது. கம்பிச் செலவு எந்நேரமும் இருக்கிறது.

சரி, யூனிட் விலை குறைவான ஊரே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். பில்லும் குறையுமா? அவசியமில்லை. லூசியானாவில் யூனிட் விலை கலிபோர்னியாவின் பாதிக்கும் கீழ். ஆனால் புழுக்கத்தில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், வீடுகளைச் சூடாக்குவதும் பெரும்பாலும் கரண்டில். ஒரு வீடு சராசரியாக மாதம் 1,200 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறது. கலிபோர்னியாவில் இது 500 சொச்சம். கடைசியில் இரண்டு மாநிலங்களின் மாத பில்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

டென்னசியில் குளிர்காலம் இதைவிட மோசமாக ஏமாற்றும். அங்கே பல வீடுகளில், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப். மிதமான குளிரில் அது ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு, மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும். நல்ல உறைபனி வந்ததும் உள்ளே இருக்கும் மின்கம்பிச் சூடேற்றி சேர்ந்துகொள்ளும். அது ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். டிசம்பர் பில்லைப் பார்த்துத் தைரியமாக இருந்தவர்கள் ஜனவரியில் திகைப்பது இதனால்தான். சியாட்டிலின் பழைய அபார்ட்மெண்டுகளில் சுவரோரம் இருக்கும் ஹீட்டர்களும் இந்த ஒன்றுக்கு ஒன்று ரகம்தான்.

அப்புறம் டெக்சாஸ். 2002லிருந்து அங்கே பெரும்பகுதியில் சில்லறை விற்பனைப் போட்டி. ஹூஸ்டன், டல்லாஸ் வீடுகள் தங்கள் கரண்ட் கம்பெனியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆஸ்டினும் சான் ஆன்டோனியோவும் இந்தப் போட்டிக்குள் வரவில்லை, நகராட்சி தருவதுதான். போட்டி இருந்தால் விலை குறையும் என்று நம்பி, திட்டங்களை ஒப்பிடும் இணையப் பட்டியலில் முதலில் வரும் மிகக் குறைந்த விலையைப் பலர் பிடித்துவிடுவார்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் 1,000 யூனிட் செலவழித்தால் வரும் சராசரி விலையில் அடுக்கப்படுகிறது. அதற்கென்றே சில திட்டங்கள் செதுக்கப்படுகின்றன. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். யூனிட்டுக்கு 16 சென்ட், 1,000 யூனிட்டைத் தொட்டால் 100 டாலர் தள்ளுபடி. சரியாக 1,000 யூனிட் என்றால் 60 டாலர்தான், அதாவது யூனிட் 6 சென்ட். 999 யூனிட்டில் நின்றுவிட்டால் 159 டாலர் 84 சென்ட். ஒரு யூனிட் குறைந்ததற்கு நூறு டாலர் அபராதம் போல. சிறிய அபார்ட்மெண்டில் வருடத்தில் எத்தனை மாதம் 1,000 யூனிட்டைத் தொடுவீர்கள்?

ஒவ்வொரு திட்டத்துக்கும் எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள் என்று ஒரு தாள் உண்டு. 500, 1,000, 2,000 யூனிட் மூன்றிலும் சராசரி விலை அதில் இருக்கும். மூன்றும் அருகருகே இருந்தால் நம்பலாம். நடுவிலுள்ளது மட்டும் பள்ளமாக இருந்தால் விலகிவிடுங்கள். "இரவில் இலவசம்" திட்டங்களில் பகல் விலையைப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறித்துவையுங்கள். கவனிக்காமல் விட்டால் மாதம் மாதம் மாறும் விலைக்குத் தள்ளிவிடுவார்கள், அது பெரும்பாலும் அதிகம். கம்பிக் கட்டணம் டல்லாஸில் ஆன்கோருக்கும் ஹூஸ்டனில் சென்டர்பாயிண்ட்டுக்கும் போகும். எந்தக் கம்பெனியை எடுத்தாலும் அது மாறாது.

மொத்த விலைக்கே கரண்ட் என்று கவர்ந்த கிரிடி என்ற நிறுவனத்துக்கு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2021 பிப்ரவரி உறைபனிப் புயலில் மொத்தச் சந்தை விலை உச்சவரம்பான யூனிட்டுக்கு 9 டாலரில் நாள்கணக்கில் நின்றது. சில வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில். அடுத்த மாதமே கிரிடி திவாலானது. வீடுகளுக்கு அப்படி விற்பதை டெக்சாஸ் அந்த ஆண்டே சட்டம் போட்டுத் தடுத்தது.

இன்றைய மலிவு அப்படியே நீடிக்கும் என்று நினைத்து வீடு வாங்குவதும் ஆபத்து. அணையை நம்பியிருக்கும் ஊருக்கு, மலைப்பனி உருகி வரும் தண்ணீர் குறைந்த வருடம் செலவு கூட்டும். சியாட்டில் 2024ல் கூடுதல் சர்சார்ஜ் போட்டது அதனால்தான். கிழக்கே 13 மாநிலங்களில் பரவியிருக்கும் பிஜேஎம் மின்கட்டமைப்பில், மின்நிலையங்கள் தயாராக இருக்கக் கொடுக்கும் தொகைக்கான ஏலம் 2024 ஜூலையில் நடந்தது. டேட்டா சென்டர்களின் தேவையும் பழைய நிலையங்கள் மூடப்பட்டதும் சேர்ந்து, ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 29 டாலராக இருந்த விலையை 270 டாலருக்கு ஏற்றிவிட்டன. 2025 ஜூனிலிருந்து நியூ ஜெர்சி, பால்டிமோர் வீடுகள் அதை பில்லில் பார்க்கத் தொடங்கின. சான்டா கிளாராவில் வீடுகளின் சுமையைக் குறைத்த அதே டேட்டா சென்டர்கள் இங்கே விலையைத் தூக்குகின்றன என்பதைக் கவனியுங்கள். புதிய மின்நிலையமும் கம்பியும் யார் காசில் வருகின்றன என்பதைப் பொறுத்தே இரண்டும் நடக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கடந்த 12 மாத பில்லைக் கேளுங்கள். ஒரு மாதம் மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜனவரியும் ஆகஸ்டும் கட்டாயம் வேண்டும். ஹீட்டர் கேஸிலா கரண்டிலா, ஏசி எத்தனை வருடப் பழையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.