தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது

நெடுந்தூர விமானப் பயணங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள், ஆரம்பத்தில் நான் விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மறப்பது மாதிரியானவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கணக்குப் போட்ட நேரத்தை நம்பி அடுத்த டிக்கெட்டை வாங்குவது

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்குச் சுமார் 5,540 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதை நம்பி, நியூயார்க்கிலிருந்து மேற்கே போய்த் திரும்ப மலிவாகக் கிடைத்த ஒரு தனி டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்காது, நேரத்தையும் மாற்ற முடியாது. அப்புறம் லண்டன் விமானத்தைத் தேடினால் அட்டவணையில் எட்டு மணி நேரம் என்று இருந்தது. முந்தைய விமானத்தில் இடமில்லை. இடையில் மிஞ்சியது ஒரு மணி நேரம்கூட இல்லை. இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போதே அடுத்த விமானம் கிளம்பிவிட்டது. அதோடும் போகவில்லை. போகும் விமானத்தில் ஏறாததால், அதே டிக்கெட்டில் இருந்த திரும்பும் பயணமும் ரத்தானது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

வகுத்தல் கணக்கில் காற்று இல்லை. விமானம் பறக்கும் உயரத்தில், ஜெட் காற்று என்கிற வேகமான காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அதனால் இதே தடத்தில் கிழக்கே வர ஏழு மணி நேரம், மேற்கே போக எட்டு. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 பலத்த காற்றின் துணையோடு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஆகவே வந்த நேரத்தை வைத்துப் போகும் நேரத்தைக் கணிக்காதீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு கேட் வரை உருள்வது எல்லாம் அட்டவணை நேரத்தில் அடக்கம். தூரக் கணக்கில் கிடையாது.

வான்வழி மூடப்பட்டாலும் கணக்கு கவிழும். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. ஊர்கள் நகரவில்லை, விமானம்தான் சுற்றிப் போகிறது. முதலில் அட்டவணையைப் பாருங்கள், டிக்கெட் அப்புறம். முடிந்தால் இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள்.

உள்ளூர் நேரங்களை அப்படியே கழிப்பது

அட்டவணையில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும், ஆகவே நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது எப்போதும் ஐந்து மணி நேரம் என்று நினைக்காதீர்கள். இரு நாடுகளும் கடிகாரத்தை வெவ்வேறு ஞாயிறுகளில் மாற்றுவதால், மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் அது நான்காகக் குறையும்.

தட்டையான வரைபடத்தில் கோடு போடுவது

பூமி உருண்டை, அதனால் வரைபடத்தில் போடும் நேர்க்கோடு குறுகிய வழியாக இருக்காது. நியூயார்க்–டோக்கியோ குறுகிய வழி அலாஸ்கா பக்கமாகப் போகிறது.

அலகைப் பார்க்காமல் எண்ணை எடுப்பது

தூரம் கிலோமீட்டரிலா, மைலிலா, கடல் மைலிலா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852.